பச்சைப் பொட்டு வைத்த பித்தளை

அத்தியாயம் 9

"ஒரு பேப்பர் கிளிப் இருக்கா ஷெரிஃப்?"

வில்மா ஹாக்ஸ்டட் இப்படிக் கேட்டதும் லைல் பெண்டர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். துப்பறிவாளரான அந்த அம்மாளிடம் உதவியாளனாகச் சேருமுன் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவிக்கொண்டிருந்தவன் அவன். வில்மா சின்னப் பொருளாகக் கேட்டால் பெரிய வம்பு வரப்போகிறது என்பது அவனுக்கு அத்துப்படி. போன தடவை ஒரு ஊக்கு கேட்டாள். ஒரு பாதிரியார் ஜெயிலுக்குப் போனார்.

ஷெரிஃப் டெனிங் மேஜை இழுப்பறையைத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினார். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சுடப்பட்ட ரைஃபிள் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடு. அடிப்பக்கம் நகப்பாலிஷில் ஒரு பச்சைப் பொட்டு.

இந்த ஒற்றைக் கூட்டை நம்பித்தான் நோரா ஸ்ட்ராண்டைக் கொலைகாரி என்று உள்ளே தள்ளியிருந்தார்கள். பண்ணைக்காரர் ராய்ஸ் கெட்டரிங் தன் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது எதிர்மேட்டிலிருந்து ஒரே குண்டு. ஆள் காலி. குண்டு அவரைத் துளைத்துக்கொண்டு போய் எங்கே புதைந்ததோ, கிடைக்கவே இல்லை. மேட்டில் கிடைத்தது இந்தக் கூடுதான். அதன் பின்பக்கத்தில் துப்பாக்கி ஊசி குத்திய தடம் நோராவின் ரைஃபிளோடு அச்சாகப் பொருந்துகிறது என்று லேப் சொல்லிவிட்டது. நோராவுக்கும் ராய்ஸுக்கும் வாய்க்கால் தண்ணீர்த் தகராறு வேறு. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரே குண்டில் ஆளை வீழ்த்த அந்த வட்டாரத்தில் நோராவை விட்டால் ஆளில்லை என்று ஊரே சொன்னது. திங்கட்கிழமை நீதிபதி முன்னால் நிறுத்தினால் ஆயுள் தண்டனை நிச்சயம்.

வில்மா கையுறை மாட்டிக்கொண்டாள். கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்தாள். கூட்டின் வாய்க்குள் அதை விட்டு, உள்சுவரில் உரசியபடி மெல்ல மேலே இழுத்தாள். அடியிலிருந்து சற்று மேலே கொக்கி தடுக்கி நின்றது.

"என்ன பாஸ், காது குடையறீங்களா?" என்றான் லைல்.

"உள்ள பள்ளம் விழுந்திருக்குப்பா. வெளியிலயும் பாரு, அடியில வெள்ளையா ஒரு வளையம். பித்தளை மெலிஞ்சு போச்சு. இதை மறுபடி நிரப்பிச் சுட்டா ரெண்டா பிஞ்சு, சூடான காத்து சுடறவன் மூஞ்சியிலயே அடிக்கும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பழைய புருஷன் சொந்தமா தோட்டா நிரப்பறவன். விவாகரத்துல வீட்டைக் கேட்டேன், கொடுத்துட்டான். பித்தளை டப்பாவைக் கேட்டேன், வக்கீல் வெச்சுக்கிட்டான்."

ஷெரிஃப் நாற்காலியில் சாய்ந்தார். "அந்த வளையம் ராய்ஸைச் சுட்டப்பவே விழுந்திருக்கலாம் இல்லையா? துப்பாக்கிக் கடை ஆஸ்கர் ஹெல்மைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில வாங்கின உடனே, பச்சைப் பொட்டு நோராவோடதுன்னு சொல்லிட்டார். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கிற மனுஷன்."

"முப்பது வருஷத் தொழில்காரர் வளையத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லையே."

வில்மாவின் புருவம் உயர்ந்தது. லைலுக்கும் சுருக்கென்றது. வளையம் அவ்வளவு ஆபத்து என்றால், கூட்டைக் கையில் வாங்கும் எந்தத் தொழில்காரனும் முதலில் தேடுவது அதைத்தானே. ஆஸ்கர் அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் வாயை மூடிக்கொண்டாரா?

*

கம்பிக்குப் பின்னால் நோரா சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசு. அழுது ஓய்ந்த கண்கள்.

"பச்சைப் பொட்டா?" என்றாள். "நிஜமாவா? இங்க யாரும் என்கிட்ட பொட்டைப் பத்திக் கேக்கவே இல்லையே. என் ரைஃபிள்ல வெடிச்சதுன்னு மட்டும்தான் சொன்னாங்க."

"பச்சைன்னா என்ன அர்த்தம்?"

"நான் பெட்டி பெட்டியாத்தான் வாங்குவேன். விலை கூடன்னாலும் சுவர் தடிச்ச சரக்கு. ஒரு பெட்டிக்கு ஒரு கலர். ஒண்ணோட ஒண்ணு கலக்க மாட்டேன். சுட்டு வந்ததும் ஒவ்வொண்ணையும் தடவிப் பாப்பேன். ஒண்ணுல வளையம் தெரிஞ்சாலும் அந்தப் பெட்டியே போச்சு, அவ்வளவையும் குறட்டால வாயை நசுக்கிக் காப்பி டின்ல போட்டுருவேன். நசுக்கலைன்னா மறதியா மறுபடி நிரப்பிடுவோம் பாருங்க, அதுக்குத்தான். பச்சைப் பெட்டியைப் போன துப்பாக்கி மேட்ச் முடிஞ்ச அன்னிக்கே நசுக்கிட்டேன். ராய்ஸ் செத்தது அதுக்கு அடுத்த வாரம்!"

"அப்போ உன்கிட்ட பச்சைக் கூடே கிடையாது."

"ஒண்ணு கூடக் கிடையாது. நான் ஒருத்தனைக் கொல்லணும்னா, வெடிச்சு என் கண்ணே போற கூட்டையா தேடி எடுப்பேன்?" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இதை யாராவது கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"

"நசுக்கறதுக்கு முன்னால உன் பெஞ்சுப் பக்கம் யார் வந்தாங்க?"

நோரா யோசித்தாள். "ஆஸ்கர் வந்தார், என் தராசைத் திருப்பிக் கொடுக்க. அப்புறம் ராய்ஸோட அண்ணன் மகன் வெஸ்லி. ஸ்போகேன்ல வீடு வித்துக் கொடுக்கிற புரோக்கர். சித்தப்பா சார்பா வாய்க்கால் விஷயத்துல சமாதானம் பேச வந்தேன்னான். பழைய பத்திரம் எடுக்க நான் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு உள்ள போனேன். பெஞ்சுல நீலப்பொட்டுக் கூடெல்லாம் மரக்கட்டைக் குழியில ஒவ்வொண்ணா வரிசையா நின்னுது. பச்சையெல்லாம் அந்தக் கோடியில குவியலா குறட்டுக்காகக் காத்திருந்தது."

"ரெண்டு பேர்ல யார் குவியல் பக்கம் நின்னாங்க?"

"ஆஸ்கர்தான். நான் திரும்பி வந்தப்போ அவர் போயிட்டார், வெஸ்லி மட்டும் நீலப்பொட்டுக் கட்டைகிட்ட நின்னுட்டிருந்தான். அவனுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. கூட்டைப் பாத்து, 'இதென்ன, விசிலா?'ன்னு கேட்டான்."

லைல் சிரித்துவிட்டான். வில்மா சிரிக்கவில்லை.

*

"ஆஸ்கர்தான் பாஸ்," என்றான் லைல், ட்ரக்கைக் கிளப்பியபடி. "வெட்டவெளிச்சமாத் தெரியுது. கொன்னவன் வேற ரைஃபிள்ல சுட்டுட்டு, நோராகிட்ட திருடின காலிக் கூட்டை மேட்டுல போட்டிருக்கான். அனுபவம் இல்லாதவன்னா கைக்குப் பக்கத்துல இருக்கிற கட்டையிலேர்ந்து ஒண்ணை உருவியிருப்பான். வரிசையில ஒரு குழி காலியானா நோரா உடனே கண்டுபிடிச்சிருப்பா. குறட்டுக்குப் போற குவியல்ல ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்? அது இந்த வேலை தெரிஞ்ச மூளை."

"அதுவரைக்கும் சரி."

"அதுக்கு அப்புறம்?"

"ஆஸ்கருக்கு ராய்ஸ் செத்து என்ன லாபம்? ராய்ஸ் அவர் கடையில நல்ல வாடிக்கை."

"வெஸ்லிக்குப் பண்ணையே லாபம். ஆனா அவன் துப்பாக்கியையே தொட்டதில்லைன்னு ஷெரிஃப்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கான். விசிலுக்கும் தோட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு அவ்வளவு தூரம் சுடுவானா?"

"நீ மாட்டு ஏலத்துல நின்னவன்தானே? ஒரு மாட்டைப் பிடிக்கலைன்னு ரொம்ப சத்தமா சொல்றவன் யாரு?"

லைல் தாடையைச் சொறிந்தான். "அதை வாங்கியே தீரணும்னு இருக்கிறவன்."

"மொன்டானாவுல குதிரைப் பண்ணைக்கு வந்து போறவன், தோட்டாக் கூட்டைப் பாத்து விசிலான்னு கேட்டா எனக்குக் காது வலிக்குதுப்பா. அதுக்காக ஆஸ்கரை விட்டுரல. வண்டியைக் கடைக்கு ஓட்டு."

ஆஸ்கர் ஹெல்ம் அவர்களை வா என்றுகூடச் சொல்லவில்லை. கல்லாவுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். நரைத்த மீசை, சந்தேகக் கண்.

"கூட்டை ஷெரிஃப் காட்டினப்போ வளையத்தைப் பாத்தீங்களா?" வில்மா நேராகக் கேட்டாள்.

"யாரோடதுன்னு கேட்டார். சொன்னேன். நல்லதா கெட்டதான்னு கேக்கல."

"பாத்தீங்களா இல்லையா?"

"உங்களுக்கு என்ன வேணும்? வாங்க வந்தீங்களா, வம்பு பண்ண வந்தீங்களா?"

"வாங்கத்தான்," என்றாள் வில்மா, முகம் மாறாமல். "ரைஃபிளுக்கு ரெண்டு பை காலிக் கூடு. ஒண்ணு நிறைய நாள் உழைக்கணும். ஒண்ணு சீக்கிரம் கிழியணும்."

கடைக்காரனுக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். இரண்டு பைகள் மேஜைக்கு வந்தன. ஒன்றில் கண்ணாடி போலப் பளபளக்கும் கூடுகள். இன்னொன்றில் மங்கலானவை, கழுத்தில் நீலமும் ஊதாவுமாக அழுக்குக் கறை.

"அழகி இவ, மூணாவது தடவை நிரப்பினா கழுத்து கிழியும்," என்றார் பளபளப்பைத் தட்டி. "இந்தக் கறை இருக்கே, அது அழுக்கில்ல. கழுத்தைச் சூடு காட்டிப் பதமாக்கின அடையாளம். கனமும் கூட. பத்துப் பன்னிரண்டு தடவை தாங்கும். பளபளப்பைப் பாத்து எடுக்கிறவன் பித்தளையும் வாங்கக் கூடாது, கல்யாணமும் பண்ணக் கூடாது."

"ரெண்டுமே பண்ணியிருக்கேன்," என்றாள் வில்மா. "நாளைக்கு ரைஃபிள் கிளப்புல ராய்ஸுக்கு நினைவு விருந்தாமே? பித்தளைப் பங்கு உண்டா?"

"உண்டு. செத்தவனோட பித்தளையை எல்லாரும் கைப்பிடி கைப்பிடியா எடுத்துக்கிறது எங்க வழக்கம். சொந்தக்காரன் முதல்ல எடுப்பான்."

"சொந்தக்காரன் வெஸ்லி."

"வேற யாரு? அந்த விசில்காரன்தான்," என்று உதட்டைப் பிதுக்கினார் ஆஸ்கர்.

வெளியே வந்ததும் லைல் முணுமுணுத்தான். "மழுப்பறார் பாஸ். வளையத்தைப் பத்தி வாயே திறக்கல."

"திறக்கல. நானும் அதைத்தான் யோசிக்கிறேன். நீ ஒரு குறடு எடுத்துக்கோ."

*

சனிக்கிழமை மத்தியானம் ரைஃபிள் கிளப் கூடம் முழுக்கப் பன்றிக்கறியும் சீஸும் போட்ட உருளைக்கிழங்கு வாசனை. இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் ராய்ஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, நோராவைப் பற்றிக் கெட்டதாக நாற்பது வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன், அவ கோவக்காரி" என்றது ஒரு குரல். பத்து வருடமாக அவளோடு ஒரே வரிசையில் படுத்துச் சுட்டவர்கள்! லைலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடு மேஜையில் ஒரு பெரிய தகரத் தட்டு. ராய்ஸின் மங்கலான கறைக் கழுத்துக் கூடுகளோடு, யாருக்கும் தெரியாமல் காலையிலேயே வில்மா கடைப் பளபளப்பை அள்ளிக் கலந்திருந்தாள். மேலே முழுக்கப் பளபளப்பு. சுவரோரமாக ஷெரிஃப் டெனிங் காப்பிக் கோப்பையோடு நின்றார். வில்மா அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி வைத்திருந்தாள்: "கையைப் பாருங்க."

வெஸ்லி கெட்டரிங் கறுப்புக் கோட்டில் வந்தான். முப்பத்தைந்து வயசு, நல்ல சவரம், நல்ல சோகம்.

"வெஸ்லி, உங்க சித்தப்பா ஞாபகமா ஒரு கைப்பிடி எடுத்துக்குங்க," என்றாள் வில்மா. "உங்களுக்கு அப்புறம்தான் மத்தவங்க."

"ஐயோ, எனக்கு இதெல்லாம் எதுக்குங்க? சரி, வழக்கம்னா எடுத்துக்கிறேன்."

"கடைசியா எப்போ சித்தப்பாவைப் பாத்தீங்க?"

அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தான். நன்றிப் பண்டிகை, வான்கோழி, சித்தப்பாவின் சிரிப்பு. வாய் அதுபாட்டுக்குப் பேசியது. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மேலே கிடந்த பளபளப்பை விரல்கள் ஒதுக்கின. அடியிலிருந்து ஒரு மங்கல் கூட்டை எடுத்தன. அதன் வாயை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தன. கட்டைவிரல் நகம் கழுத்தைச் சுற்றி ஒரு ஓட்டம், அடிப்பக்கம் ஒரு ஓட்டம். இடது உள்ளங்கைக்குப் போயிற்று. அடுத்தது. அதற்கு அடுத்தது.

உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவர்களின் கரண்டி நின்றது. ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தினமும் செய்கிற வேலை அது. கற்றுக்கொள்ள வருடக்கணக்காகும். ஆஸ்கர் ஹெல்ம் வாயைத் திறந்தபடி நின்றார்.

கூடம் அமைதியானதை வெஸ்லி தாமதமாகத்தான் உணர்ந்தான். சடாரென்று கையை இழுத்துக்கொண்டான். "என்ன எல்லாரும் பாக்கறீங்க? கைக்கு வந்ததை எடுத்தேன்."

இதுதான் ஆபத்து என்று லைலுக்குப் புரிந்தது. கைக்கு வந்தது என்று சொல்லிவிட்டால் எந்த நீதிபதி என்ன செய்ய முடியும்? வில்மா அவனைப் பார்த்தாள். கண் சிமிட்டவில்லை, தலையாட்டவில்லை, சும்மா பார்த்தாள். போதும். லைல் தன் ஏலக் குரலை எடுத்தான்.

"அட என்ன சார் நீங்க! பாவம், விஷயம் தெரியாம அழுக்குப் பிடிச்சதையெல்லாம் பொறுக்கிட்டீங்க. இது துருப்பிடிச்சது. குப்பை. கொடுங்க, நசுக்கிப் போட்டுடறேன். உங்களுக்கு நல்ல பளபளப்பா நானே எடுத்துத் தர்றேன்." வெஸ்லியின் உள்ளங்கையிலிருந்து ஒன்றை உருவினான். பையிலிருந்து குறடு வந்தது. நறுக். ஒன்றின் வாய் சப்பையாயிற்று. கூடத்தில் இரண்டு பேர் 'ஐயய்யோ' என்றார்கள். லைல் அடுத்ததைப் பிடித்தான்.

"யோவ், நசுக்காதய்யா! அது ஒரே ஒரு தடவை சுட்டது! இன்னும் பத்து தடவைக்குத் தாங்கும், அந்தப் பளபளப்புதான் மூணாவது..."

வெஸ்லி நிறுத்திக்கொண்டான். ஆனால் வாய் விட்டது விட்டதுதான்.

"மூணாவது தடவை என்ன ஆகும் வெஸ்லி?" வில்மா மிருதுவாகக் கேட்டாள். "விசில் ஊதாதா?"

"யாரோ சொல்லக் கேட்டிருக்கேன்."

"யாரு?"

அவன் கண் கதவுப் பக்கம் போயிற்று. அங்கே ஆஸ்கர் ஹெல்ம் போய் நின்றுகொண்டார், மீசை துடிக்க.

ஷெரிஃப் கோப்பையைக் கீழே வைத்தார். "துப்பாக்கியையே தொட்டதில்லைன்னு என் முன்னால உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கே தம்பி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உன்னை விட்டு வெச்சிருந்தேன். ஸ்போகேன்ல உன் வீட்டை, கராஜை, வாடகைக்கு எடுத்த இடம் ஏதாவது இருந்தா அதையும் பாக்கணும்."

"வாரண்ட் இல்லாம ஒரு கதவையும் தொடக் கூடாது!"

"வாடகை இடமும் இருக்குன்னு தெரியுது," என்றான் லைல்.

*

இருந்தது. மரச்சாமான் போட்டு வைக்க என்று எடுத்திருந்த தகரக் கொட்டகை. உள்ளே மரச்சாமான் ஒன்றுகூட இல்லை. தோட்டா நிரப்பும் பெஞ்சு, பதமாக்கிய பித்தளை, வேறு பெயரில் வாங்கிய ரைஃபிள், சித்தப்பாவின் பண்ணையை வீட்டுமனைகளாகப் போட்ட வரைபடம். திங்கட்கிழமை நீதிபதி முன்னால் நோராவுக்குப் பதில் வெஸ்லி நின்றான்.

நோரா ஜெயில் வாசலுக்கு வந்தபோது கிளப் முழுவதும் அங்கே காத்திருந்தது. ஒருத்தி ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் எடுத்து வந்திருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஆஸ்கர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நோரா, எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்மா. சனிக்கிழமை மேட்ச்சுக்கு உன் இடத்தைக் காலியா வெச்சிருக்கோம்."

நோரா பலகாரத்தைத் தொடவில்லை. "ஆஸ்கர், உங்களை ஒண்ணு கேக்கணும். அந்தக் கூட்டை உங்க கையில கொடுத்தாங்களாமே?"

"கொடுத்தாங்க."

"அந்நிய ஆள் ஒரு டாலருக்கு விக்கிற பழைய கூட்டைக்கூட நீங்க வெளிச்சத்துல பிடிச்சு, நகத்தால தடவி, கம்பி விட்டுத்தான் வாங்குவீங்க. பத்து வருஷமா பாக்கறேன். அன்னிக்கு ஏன் பாக்கல?"

லைல் ஓரடி முன்னால் வந்தான். இத்தனை நாள் இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டானே, அது வெளியே வரப்போகிறது.

ஆஸ்கரின் கை தொப்பியைக் கசக்கியது. முகம் சிவந்து, கண் கலங்கியது.

"பொட்டைப் பாத்தேன்," என்றார். "நீதான் செஞ்சிருப்பேன்னு நம்பிட்டேன்மா. அப்புறம் வேற எதையும் பாக்கத் தோணல."

யாரும் கை தட்டவில்லை. நோரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. பிறகு வில்மாவின் பக்கம் திரும்பினாள்.

"என்னை வீட்டுல விட்டுருங்க," என்றாள். "சனிக்கிழமை என் இடத்துல வேற யாரையாவது படுக்கச் சொல்லுங்க. இவங்க பக்கத்துல துப்பாக்கியோட படுக்க எனக்குப் பயமா இருக்கு."

லைல் ட்ரக்கின் கதவைத் திறந்து பிடித்தான். வழி முழுக்க அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.